இரண்டு பூஜ்யங்கள்

அத்தியாயம் 6

“ஏனுங்கக்கா, வெறும் பத்து டெசிபெல்லுக்காக ஒரு பொம்பளையைப் பொய்க்காரின்னு எழுதுவாங்களா?”

சங்ககிரியைத் தாண்டி ஃபியட் பள்ளிபாளையம் சாலையில் இறங்கியதும் வேலுசாமி கேட்டான்.

“எழுதியாச்சு. மூணு மணிக்குக் கையெழுத்துப் போடப் போறாங்க. இப்ப மணி பதினொண்ணரை. நீ காரை ஓட்டறதை விட்டுட்டுக் கேள்வியை ஓட்டிட்டிருக்கே” என்றாள் வசந்தாமணி.

“கார் பாட்டுக்கு ஓடுதுங்க. போர் போடற திருச்செங்கோட்டு ரிக் லாரியை நாலு வருஷம் ஓட்டினவன் கையில ஃபியட்டைக் குடுத்தா, யானைப் பாகனை ஆட்டுக்குட்டி மேய்க்கச் சொன்ன மாதிரி இருக்குதுங்க.”

வசந்தாமணி சிரித்தாள். சேலம் ஐந்து ரோட்டில் ஜவுளிக்கடை மாடியில் அவள் துப்பறியும் அலுவலகம் திறந்து ஏழு வருஷம். வேலுசாமி அங்கே ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவன். சாட்சி சொல்லி முடித்த பிறகும் போகவில்லை. டீ வாங்கி வந்தான், பூட்டிய டிராயரைத் திறந்து கொடுத்தான், வாயை மட்டும் மூடவில்லை. சம்பளப் பட்டியலில் சேர்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவள் மடியில் இரண்டு காகிதங்கள் இருந்தன. இரண்டுமே செல்லியம்மாளின் காதுகளைப் பற்றியவை.

செல்லியம்மாளுக்கு நாற்பது வயது. பள்ளிபாளையம் நீலாம்பரி மில்லில் பதினாறு வருஷமாகத் தறி ஓட்டுகிறாள். காது மந்தமாகிவிட்டது, தறிக் கூடத்தை விட்டு மாற்றுங்கள் என்று கேட்டாள். மில்லுக்கும் சங்கத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. காது இழப்பு நாற்பது டெசிபெல்லை எட்டினால், அந்தத் தொழிலாளியைச் சத்தமில்லாத மடிப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். சென்ற தை மாதம் மில் டாக்டர் அவளோடு சேர்த்துப் பதினாறு பெண்களைச் சோதித்தார். ஒருத்திகூட நாற்பதைத் தொடவில்லை. செல்லியம்மாளுக்கு முப்பத்தைந்து. அது முதல் காகிதம்.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால், காது கேட்காததுபோல் நடித்து நிர்வாகத்தை ஏமாற்றினாள் என்று குற்றப்பத்திரிகை வந்தது. நடிப்பை நிரூபிக்க மில் மேனேஜர் சுவாமிநாதன் வரவழைத்த ஆள்தான் வசந்தாமணி.

வசந்தாமணி மூன்று நாள் செல்லியம்மாளைப் பின்தொடர்ந்தாள். செல்லியம்மாள் காய்கறிக் கடையில் கடைக்காரர் முகம் பார்த்துப் பேரம் பேசினாள், பஸ் கண்டக்டருக்குச் சரியாகப் பதில் சொன்னாள். நடிப்பு என்றே தோன்றியது. மூன்றாம் நாள் காவிரிப் பாலத்தில் ஒரு காகித ஆலை லாரி அவளுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவள் திரும்பவே இல்லை. வேலுசாமி பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

“இழுத்ததுக்கு ஒண்ணு வெச்சாங்க பாருங்க. எவனோ பொறுக்கின்னு நெனச்சுட்டாங்களாம். காது கேக்காட்டியும் கை நல்லாப் பேசுதுங்க” என்று வேலுசாமி இடது கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் வசந்தாமணி அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் காது சோதனை செய்யும் நல்லம்மாளிடம் காட்டினாள். அங்கே வந்த விடை நாற்பத்தைந்து. அது இரண்டாம் காகிதம்.

மேனேஜருக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. “பாத்தீங்களா? மூணு வாரத்துல பத்து டெசிபெல் வித்தியாசம். எங்க டாக்டர் கிட்ட ஏமாத்த முடியல, உங்க கிட்ட ஏமாத்திட்டா. நடிப்புக்கு இதைவிடச் சாட்சி எதுக்கு?” என்று தொலைபேசியில் சிரித்தார்.

நல்லம்மாளோ இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தாள்.

‘அந்த மிஷினுக்குப் பூஜ்யம் எது?’

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?” வேலுசாமி கியரை மாற்றினான். “நம்மளைக் கூப்பிட்டது மில்லு. காப்பி குடுத்தது மில்லு. இப்ப மில்லுக்கே ஆப்பு வெக்கப் போறோம். இது எந்த ஊரு நியாயமுங்க?”

“என்ன கண்டுபிடிக்கணும்னு முன்னாலயே சொல்லி வேலை குடுக்கறதுன்னா, அதுக்குத் தட்டச்சு தெரிஞ்ச ஆள் போதும் வேலு. நான் எதுக்கு? பாத்ததைத்தான் எழுதுவேன். பிடிக்காட்டி அவங்க படிக்காம இருந்துக்கட்டும்.”

*

டாக்டர் அர்த்தநாரியின் கிளினிக் மில்லுக்கு எதிர்த் தெருவில் இருந்தது. ஐம்பது வயது, மெல்லிய குரல், கதர்ச் சட்டை. உள் அறையில் மில் செலவில் கட்டிய ஒரு சோதனைக் கூண்டு நின்றது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மரச் சுவர், மெத்தை வைத்துத் தைத்த கதவு, இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல். கூண்டுக்கு வெளியே மேஜைமேல் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று. அதில் இரண்டு பெரிய திருகுகள். அதுதான் காது சோதிக்கும் மிஷின்.

“எங்க ரெண்டு பேர் காதையும் சோதிச்சுச் சொல்லுங்க டாக்டர்” என்றாள் வசந்தாமணி.

“உங்களுக்கு எதுக்கும்மா?”

“நல்லம்மாள் தினமும் காலையில நோயாளியைத் தொடறதுக்கு முன்னால தன் காதையே மிஷின்ல வெச்சுப் பாத்துக்குவாங்களாம். தன் காது நேத்துச் சொன்ன நம்பரையே இன்னிக்கும் சொல்லுதான்னு. மாறியிருந்தா மிஷின் மேல சந்தேகப்படுவாங்க. எனக்கு அந்தப் பழக்கம் பிடிச்சுப் போச்சு.”

டாக்டரால் மறுக்க முடியவில்லை. முதலில் வசந்தாமணி கூண்டுக்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாள்.

“மைனஸ் அஞ்சு” என்றார் டாக்டர். “பூஜ்யத்தைவிட நல்லாக் கேக்குது! சின்னப் புள்ளைங்க காது உங்களுக்கு.”

அடுத்து வேலுசாமி. அவன் விடை இருபது. “நார்மல். ஒண்ணும் பயப்பட வேண்டாம்” என்றார் டாக்டர்.

வசந்தாமணி கைப்பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்தாள். “முந்தாநாள் சேலத்துல எனக்கு அஞ்சு. வேலுவுக்கு முப்பது.”

வேலுசாமி ஒரு கணம் சிரிக்க மறந்தான். ரிக் லாரியின் கம்ப்ரஸர் நாலு வருஷத்தில் தன் காதிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று முந்தாநாள்தான் அவனுக்குத் தெரிந்தது. அடுத்த நொடியே பழைய ஆளாகிவிட்டான். “இந்த மிஷின்ல ஏறி எறங்குனா காதுக்கு வயசு கொறையுதாட்ட இருக்குதுங்க. டாக்டர், முடி முளைக்கறதுக்கு எதாச்சும் மிஷின் இருக்குதுங்களா?”

“செல்லியம்மாளுக்கு அங்கே நாப்பத்தஞ்சு, இங்கே முப்பத்தஞ்சு” என்று வசந்தாமணி தொடர்ந்தாள். “அவங்க நடிச்சாங்கன்னா, நானும் அதே பத்து நடிச்சேனா? வேலுவும் அதே பத்தா? மூணு பேரும் சுருதி சேத்துக்கிட்டுப் பொய் சொல்ல இது என்ன பஜனை கோஷ்டியா டாக்டர்?”

வசந்தாமணி இரும்புப் பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்கத் தூசி. விரலால் துடைத்ததும் ஒரு சின்ன உலோகத் தகடு தெரிந்தது. அதில் ‘ஏ.எஸ்.ஏ. 1951’ என்று வெட்டியிருந்தது.

“அப்பிடின்னா என்னுங்கக்கா?”

“பூஜ்யத்தோட பிறந்த வருஷம். பூஜ்யம்னா சத்தமே இல்லைன்னு அர்த்தம் இல்லே வேலு. நல்ல காது, சின்ன வயசுக் காது, அதுக்குக் கேக்கற ஆகக் குறைஞ்ச சத்தம் எதுவோ அதுதான் பூஜ்யம். அமெரிக்காக்காரங்க ’51-ல ஒரு அளவை வெச்சாங்க. பின்னால பல நாட்டுல இன்னும் அமைதியான அறையில, இன்னும் நல்லாச் சோதிச்சுப் பாத்தா, நல்ல காதுக்கு அதைவிடச் சின்னச் சத்தமும் கேக்குதுன்னு தெரிஞ்சுது. ’64-ல உலகத்துக்கெல்லாம் பொதுவா ஒரே பூஜ்யம்னு முடிவு பண்ணினாங்க. சேலத்து மிஷின்ல இருக்கறது அந்தப் புதுப் பூஜ்யம். ரெண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய பத்து.”

வேலுசாமியின் முகம் பளிச்சென்று ஆனது. “புரிஞ்சுதுங்க! போர் போடறப்ப மேல தரையில இருந்து ஆழத்தை அளக்கோணும். ஒருத்தன் கெணத்துக்குள்ள பத்தடி எறங்கி நின்னுக்கிட்டு அங்கிருந்து அளக்கறான். குழி அதே குழிதான். அவன் கணக்குல மட்டும் பத்தடி கொறைஞ்சு போகும்.”

“அதேதான். இந்தப் பெட்டி கிணத்துக்குள்ள நின்னு அளக்குது. அதனாலதான் பதினாறு பேர்ல ஒருத்தர்கூட நாப்பதைத் தொடல.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். “பழைய மிஷின்தாம்மா. இல்லேங்கல. ஆனா என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். ஆறு வருஷமா எல்லாருக்கும் இதுலதான் பாக்கறேன். தப்புன்னா அது தெரியாம நடந்த தப்பு. எழுதிக்கோங்க.”

வேலுசாமி அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். தெரியாமல் நடந்த தப்புக்கு யாரையும் நிற்க வைத்துக் கேட்க முடியாது. மேனேஜர், “அடடா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நழுவிவிடுவார். குற்றப்பத்திரிகையில் நடிப்புக்கு வேறொரு சம்பவமும் எழுதியிருந்தது; அது அப்படியே நிற்கும்.

வசந்தாமணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். எடை பார்க்கும் தராசின் நெற்றியில் காய்ந்த சந்தனம், அதன் நடுவே மங்கிய குங்குமம். ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் பொட்டு. இரும்பு பீரோவில் பொட்டு. மேஜை விசிறியில், சுவர்க் கடிகாரத்தில், காகிதம் குத்தும் கருவியில்கூடக் கடுகளவு பொட்டு. டாக்டரின் ஸ்டெதஸ்கோப் தகட்டு விளிம்பிலும் மஞ்சள் கறை.

சாம்பல் நிறப் பெட்டி மட்டும் வெறும் நெற்றியோடு இருந்தது.

“இங்கே ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்கறது யாருங்க டாக்டர்?”

கேள்வி அவரை நோக்கி இருந்தாலும் பதில் வாசலிலிருந்து வந்தது. விளக்குமாறோடு நின்றிருந்த கிளினிக் வேலைக்காரி குப்பாயிக்குப் பெருமை தாங்கவில்லை. “நாந்தானுங்க! ஒண்ணு உடாம வெப்பேன். அன்னிக்கு டாக்டரு சோத்துக்கூடைக்கும் வெச்சுப்புட்டேன், திட்டுனாரு.”

“இந்தப் பெட்டியை விட்டுட்டீங்களே ஆத்தா?”

“இதுக்கு எப்புடீங்க வெக்கறது? இது அப்ப பரண்மேல சாக்குக்குள்ள கெடந்துச்சு. அந்த வெள்ளை மிஷினுக்குத்தான் மூணு வருசமா வெச்சுக்கிட்டு வாரேன். பொங்க முடிஞ்சு, மில்லுப் புள்ளைங்க காது பாக்க வந்த அன்னிக்குத்தானுங்க இதை எறக்குனாங்க. நாந்தான் ஏணி புடிச்சேன்.”

“குப்பாயி, நீ போ” என்றார் டாக்டர்.

அவள் போனதும், வெள்ளை மிஷின் அங்கேதானா என்பதுபோல் வசந்தாமணி பூட்டிய பக்கத்து அறையைக் காட்டினாள். டாக்டர் மறுக்கவில்லை, சாவியையும் கொடுக்கவில்லை. “என்னை அங்கே சாட்சிக்குக் கூப்பிடாதீங்கம்மா. மில் இல்லாட்டி இந்த கிளினிக் இல்லே. யார் சொல்லி எறக்கினேன்னு என் வாயில வராது.”

“சரி. கடைசியா ஒரு சோதனை. வேலு, கூண்டுக்குள்ள உக்காரு. கதவைச் சாத்திக்க. ஹெட்போன் வேண்டாம். பாத்துட்டு மட்டும் இரு.”

வேலுசாமி உள்ளே உட்கார்ந்து, போட்டோவுக்கு நிற்பவன் மாதிரி கண்ணாடி வழியாகப் பார்த்தான். வசந்தாமணி ஜன்னலுக்கு ஓரடி தள்ளி நின்று உரக்கக் கத்தினாள். “வேலு! உனக்குச் சேந்தமங்கலத்துல பொண்ணு பாத்தாச்சு! வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம்! எந்திரிச்சு வா!”

வேலுசாமி அசையாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

வசந்தாமணி கதவைத் திறந்தாள். “பொண்ணுங்கற வார்த்தைக்கே இவன் எந்திரிக்கலைன்னா, இந்தக் கண்ணாடி நிஜமாவே கெட்டிதான்.”

“என்னது, பொண்ணா? எந்த ஊருங்கக்கா?”

*

நீலாம்பரி மில்லின் தறிக் கூடத்தைக் கடந்துதான் ஆபீசுக்குப் போக வேண்டும். உள்ளே காலை வைத்ததும் சத்தம் சுவர்போல வந்து மோதியது. நூற்றிருபது தறிகள். வேலுசாமி ஏதோ ஜோக் சொன்னான். அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் ஜோக் வீணாய்ப் போனதில் திகைத்து நின்றுவிட்டான்.

வசந்தாமணியும் நின்றாள். அவள் நின்றது வேறு காரணத்துக்காக.

ஒரு தறி அருகே நின்ற ஒரு பெண் ஏதோ சொன்னாள். நாற்பது அடி தள்ளி இருந்த இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவள் இன்னும் ஏதோ சேர்த்துச் சொல்ல, நடுவில் இருந்தவளும் சேர்ந்து சிரித்தாள். ஒரு குரல்கூடக் கேட்கவில்லை.

வசந்தாமணி வேகமாக வெளியே வந்தாள். ஆபீஸ் படிக்கட்டின் கீழே செல்லியம்மாள் தனியாக நின்றிருந்தாள். வெளுத்த நீலச் சேலை, எண்ணெய் தடவி இறுக்கமாக முடிந்த கொண்டை. கண்கள் நேராக வசந்தாமணியின் வாயை நோக்கின.

வசந்தாமணி குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து ஒரு கேள்வி கேட்டாள்.

செல்லியம்மாளின் முகம் வெளுத்தது. அப்புறம் மெல்லத் தலையாட்டினாள். “ஆமாங்க. ஆனா அதைச் சொன்னா காது நல்லாக் கேக்குதுன்னு எழுதிருவாங்கன்னு பயந்துக்கிட்டு இருந்துட்டேனுங்க. நீங்களும் மில்லு ஆளுதானேன்னு…”

“இப்பவும் மில்லு ஆள்தான்” என்றாள் வசந்தாமணி. “பயத்தை இங்கேயே விட்டுட்டு வாங்க. மேலே போய் சொல்லலாம்.”

*

விசாரணை நடத்த ஈரோட்டிலிருந்து வந்திருந்த வக்கீல் சென்னியப்பன் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் மேனேஜர் சுவாமிநாதன். அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். வெளியே வராந்தாவில் ஷிஃப்ட் முடிந்த தறிப் பெண்கள் கூடிவிட்டிருந்தார்கள். சத்தம் வரும் என்று மேனேஜர் கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொன்னார்.

வசந்தாமணி ஐந்து நிமிஷத்தில் தன் அறிக்கையைச் சொல்லி முடித்தாள். மூன்று காதுகள், ஒரே பத்து. இரண்டு பூஜ்யங்கள். பொட்டு இல்லாத பெட்டி.

மேனேஜரின் காதுமடல் சிவந்தது. “உங்களைக் கூப்பிட்டது நாங்கம்மா!”

“அதனாலதான் முதல் பிரதியை உங்களுக்கே குடுத்திருக்கேன்.”

“சரி, பழைய மிஷின். டாக்டரோட கவனக்குறைவு, அவ்வளவுதான்” என்று மேனேஜர் வக்கீல் பக்கம் திரும்பினார். “ஆனா நடிப்பு நடிப்புதான் சார். குற்றப்பத்திரிகையில முதல் குற்றத்தைப் பாருங்க. சோதனை அன்னிக்கு இந்தம்மா கூண்டுக்குள்ள உக்காந்திருக்காங்க. கதவு சாத்தியிருக்கு. நானும் டாக்டரும் வெளியே மெதுவாத்தான் பேசிட்டிருந்தோம். திடீர்னு ஹெட்போனைப் பிடுங்கி வீசிட்டு வெளியே வந்து, எங்களை ஏமாத்தறீங்களான்னு கூச்சல். அதட்டி உக்கார வெச்சுத்தான் சோதனையை முடிச்சோம். அவ்வளவு கெட்டியான கண்ணாடிக்கு அந்தாண்டை மெதுவாப் பேசினதைக் கேட்ட காது செவிட்டுக் காதா? நானே பாத்தேன், நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“என்ன எழுதியிருக்கீங்கன்னு படிக்கலாமா?” வசந்தாமணி குற்றப்பத்திரிகையை எடுத்தாள். “‘நாங்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் அறிந்துகொண்டு ஆத்திரமுற்றார்.’ சரிதானுங்களா?”

“நூறு சதம் சரி.”

“அந்தக் கண்ணாடிக்குள்ள சத்தம் போகாது சார். இவனுக்குப் பொண்ணு பாத்தாச்சுன்னு கத்திப் பாத்தேன், உக்காந்தே இருந்தான்.”

“நெசந்தானுங்க. அந்த நஷ்டத்துக்கு யாரு பொறுப்புன்னு இன்னும் தெரியலீங்க” என்றான் வேலுசாமி.

“அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?” என்றார் வக்கீல்.

“நீங்களே சோதிச்சுப் பாருங்க. அந்த மூலைக்குப் போயி, சத்தமே இல்லாம வாயை மட்டும் அசைச்சு எதாவது சொல்லுங்க.”

சென்னியப்பன் தயங்கினார். பிறகு ஆவல் வென்றது. எழுந்து மூலைக்குப் போய், உதட்டை அசைத்தார். அறையில் இருந்த யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. செல்லியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“ஐயாவுக்கு மத்தியானம் தின்ன கொள்ளுப்பருப்பு நெஞ்சைக் கரிக்குதாமுங்க.”

வக்கீல் அவசரமாகத் தம் இடத்துக்கு வந்து தண்ணீர் குடித்தார்.

“தறிக் கூடத்துல பதினாறு வருஷம் சார்” என்றாள் வசந்தாமணி. “அங்கே யார் குரலும் யாருக்கும் கேக்காது. எல்லாரும் உதட்டைப் பாத்துத்தான் பேசிக்கறாங்க. இவங்களுக்கு அது ஒரு அதிசயமே இல்லே. அதனாலதான் யாரும் வெளியே சொல்லல. கடைக்காரருக்கும் கண்டக்டருக்கும் பதில் சொன்னது இப்படித்தான். பின்னால வந்த லாரிக்கு உதடு இல்லே. அதுதான் கேக்கல.”

மேனேஜர் வாயைத் திறந்தார். வசந்தாமணி விடவில்லை.

“ஆனா மேனேஜர் சொன்னது ஒண்ணு ரொம்பச் சரி. அன்னிக்கு நீங்க பேசினதை இவங்க ஒரு சொல் விடாம அறிஞ்சுக்கிட்டாங்க. நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதனால என்ன பேசினீங்கன்னு இவங்களையே கேப்போம். சொல்லுங்க செல்லியம்மா.”

“இதை நான் ஆட்சேபிக்கிறேன்! ஏதோ உதட்டைப் பாத்தாளாம், கதை கட்டுவா, அதை எப்படி நம்பறது?”

“நம்ப வேண்டாம்னா, அறிஞ்சுக்கிட்டாங்கங்கற முதல் குற்றம் போச்சு. நம்பறதுன்னா, சொல்றதைக் கேட்டுத்தான் ஆகணும். எது வேணும்னு நீங்களே எடுத்துக்கோங்க” என்றாள் வசந்தாமணி.

மேனேஜர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார். “சொல்லுங்கம்மா.”

செல்லியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். “வெள்ளை மிஷின்தானுங்க மேஜைமேல இருந்துச்சு. இவரு வந்தாரு. ‘பரண்ல கெடக்கற பழசே போதும் டாக்டர், அதுல பாத்தா ஒருத்தி காதும் நாப்பதைத் தொடாது’ன்னாரு. டாக்டரு, ‘தப்புங்க சார்’ன்னாரு. அதுக்கு இவரு, ‘காது என்ன கண்ணா, போனா வெளிய தெரியறதுக்கு? இவளுங்களுக்கு எதைக் கேட்டு என்ன ஆகோணும்?’ன்னாருங்க.” அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். “எனக்குக் கேக்க வேண்டியது நெறைய இருக்குதுங்க. எம்பட பேத்தி இப்பத்தான் பேசப் பழகுறா. பல்லு முழுசா மொளைக்காத வாயில உதட்டைப் பாத்து ஒண்ணும் தெரியறதில்லீங்க.”

வக்கீலின் பேனா ஓடியது. எழுதி முடித்ததும் குற்றப்பத்திரிகையைத் தம் பக்கம் இழுத்து, முதல் குற்றத்தின் மேல் ஒரு கோடு போட்டார். ‘நடித்து’ என்ற வார்த்தை வந்த இடங்களில் எல்லாம் தனித்தனியாக இன்னொரு கோடு.

“இந்தம்மாவுக்குப் புது மிஷின்ல மறுசோதனை. அதுவரைக்கும் மடிப்புப் பிரிவுல வேலை. இதை எழுதிடறேன்.”

“மத்தப் பதினஞ்சு பேருமுங்க?” என்றாள் செல்லியம்மாள்.

“அது இந்த விசாரணையில வராதும்மா…”

“அப்ப எனக்கும் வேண்டாமுங்க.” அவள் காகிதத்தைத் தொடவில்லை. “பதினாறு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுத்தான் ஏமாத்துனாங்க. ஒருத்திக்கு மட்டும் சரி பண்ணுனா அதுவும் ஏமாத்தறதுதான். எல்லாருக்கும் பாக்கோணும். வெள்ளை மிஷின்ல. ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு, திங்கக்கிழமை காலையில, தறிக்குப் போறதுக்கு முன்னால. தறி ஓட்டிட்டு வந்த காதுல வெறும் இரைச்சல்தானுங்க இருக்கும். எழுதுங்க, அப்பறம் கைநாட்டு இல்லே, எம்பட பேரையே எழுதித் தாரேன்.”

வக்கீல் வசந்தாமணியைப் பார்த்தார். வசந்தாமணி தோளைக் குலுக்கினாள். இது அவள் சொல்லிக் கொடுத்தது இல்லை.

மேனேஜர் எழுந்தார். “ஒரு நிமிஷம் சார்” என்று வக்கீலின் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். செல்லியம்மாளின் கண் தன் வாய்மேல் இருப்பதை உணர்ந்தவர்போல, கவனமாக அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலையைக் குனிந்து, கிசுகிசுவென்று பேசினார். இரண்டடி தள்ளி நின்ற வேலுசாமிக்கே ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

செல்லியம்மாளுக்கு முதுகைக் காட்டியதால் அவர் முகம் ஜன்னலை நோக்கி இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே நாற்பது பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் பேசவில்லை. எல்லாக் கண்களும் மேனேஜரின் உதட்டில் இருந்தன. முன்வரிசையில் நின்ற மயிலம்மாள் என்ற பெண், அவர் தோளுக்கு மேலாகச் செல்லியம்மாளைப் பார்த்து, சத்தமில்லாமல், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்லியம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“இப்பத்திக்கு எழுதிக் குடுங்க, மாரியம்மன் நோம்பி முடிஞ்சா மறந்துருவாளுங்கன்னு சொல்லுறீங்க” என்றாள், அந்தச் சாத்திய அறை முழுவதும் கேட்கும்படி. “மறக்க மாட்டோமுங்க சார். திங்கக்கிழமை எட்டு மணிக்குப் பதினாறு பேரும் டாக்டர் கிளினிக் வாசல்ல நிப்போம்.”

மேனேஜர் சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.